கண்டம் நகர்ந்ததாகச் சொன்னேன்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பூகோள டீச்சர். வகுப்பில் உலகப் படத்தைக் காட்டி, "கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து விலகினவை என்று சிலர் சொல்கிறார்கள். நம் நாடும் தெற்கேயிருந்து நகர்ந்து வந்ததாம். பெருங்கண்டம் எதுவும் கடலில் மூழ்கவில்லையாம்" என்றேன்.

மறுநாள் மாணவி ஒருத்தியின் தந்தை, உப்பு வியாபாரி, நாலைந்து பேரோடு பள்ளி மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"நம்ம தமிழ் பொறந்த குமரிக்கண்டம் கடல்ல முங்கலன்னு சொல்லுதியளோ? பிள்ளைக மனசுல வெசத்தயா வைக்கிய?" என்று மேஜையில் ஓங்கி அடித்தார். கூட வந்தவர்களும் கத்தினார்கள்.

மேனேஜர் பயந்துபோனார். "டீச்சர், நாளையிலிருந்து நீங்க வரவேண்டாம்."

என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

வியாபாரி சட்டென்று மேனேஜர் பக்கம் திரும்பினார். "நான் சண்டைக்கு வந்தேன்வே, சோத்துல மண்ணப் போட வரல. இவுக சொன்னது தப்பு. அத இவுககிட்டயே பேசிக்கிடுதேன். இவுகள நிப்பாட்டினா எம்மவளும் இங்க படிக்க மாட்டா."

வேலை தங்கியது. அதன்பிறகும் தெருவில் என்னைக் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனார். நான் சொன்னதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அவரை எதிரி என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.