முர்வானி விற்ற டாட்சன் வண்டிகள்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், கிளாத்தென் ஊரில், ஜோக்ஜாவுக்கும் சோலோவுக்கும் நடுவே ஓடும் பெரிய சாலையில் டாட்சன் ஷோரூம் திறந்தபோது, முர்வானியை வேலைக்கு எடுத்தது தேநீர் போடவும் தரை துடைக்கவும்தான். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கட்டியவன் பஸ் கண்டக்டர். கலிமந்தான் தீவில் மரக் கம்பெனி வேலை என்று கப்பல் ஏறியவன் இரண்டு வருஷம் கடிதம் போட்டான், அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. ஐந்து வருஷம் பார்த்துவிட்டு கோர்ட்டுக்குப் போய் அத்துவிட்டு வந்தாள். பிள்ளை கிடையாது. அப்பா விட்டுப்போன சின்ன வீடும், வாசலில் ஒரு ரம்புத்தான் மரமும் இருந்தன. பெரிய வருத்தமாக எதையும் அவள் முகத்தில் காட்டியதில்லை. நன்றாகச் சிரிப்பாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள், முன்பல் ஒன்று கோணல்.

அரசாங்கம் சின்ன வண்டிகளுக்கு வரியைக் குறைத்திருந்த சமயம் அது. அதுவரை மோட்டார் சைக்கிளில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று என்று போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நாமும் கார் வாங்கலாமோ என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள். யோசித்தார்களே தவிர, உள்ளே வர மாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். உள்ளே டை கட்டிய சேல்ஸ் பையன்கள் செல்போன் நோண்டிக்கொண்டிருப்பார்கள். சற்று நேரம் நின்றுவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். முர்வானி தரை துடைத்தபடி இதைத் தினமும் பார்த்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தாஹு வியாபாரி மர்த்தோயோவும் அவர் மனைவி வாகியெமும் வந்தார்கள். விடியற்காலையில் சோயாப் பாலைக் காய்ச்சித் திரியவைத்து, கட்டி கட்டியாக வெட்டி, சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவர்கள். சந்தை முடிந்து நேராக வந்திருந்தார்கள், உடம்பெல்லாம் சோயா வாசனை. வாசலில் இருவரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்கள். சேல்ஸ் பையன் ஒருவன் அதைப் பார்த்து இன்னொருவனை இடித்தான்.

முர்வானி தன் செருப்பையும் கழற்றி அவர்கள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "வாங்கண்ணே, வாங்கக்கா. நல்ல வெயிலு. ஒரு வாய் டீ குடிங்க," என்று உள்ளே அழைத்து வந்தாள். தேநீரைக் கொடுத்துவிட்டு, சிவப்பு வண்டியின் கதவைத் திறந்தாள்.

"சும்மா ஏறி உக்காந்து பாருங்க."

"உக்காந்தா வாங்கணுமா?" என்றார் மர்த்தோயோ.

"நான் தெனம் மத்தியானம் இதுலதான் உக்காந்து சோறு திங்கிறேன். என்னையா வாங்கச் சொன்னாங்க?"

அது பொய். அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். வாகியெம் கதவைச் சாத்தினாள். சாலை இரைச்சல் சட்டென்று அடங்கியது. பத்து நிமிஷம் இருவரும் முன்னால் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு வாகியெம் பின்னால் திரும்பி இருக்கைகளை எண்ணினாள்.

"ஏழு பேரு," என்றாள். "எங்க அம்மாவயும் கூட்டிப் போலாம்."

"அப்போ வேணாம்," என்றார் மர்த்தோயோ. வாகியெம் அவர் தொடையில் ஓர் அடி வைத்தாள். முர்வானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து அவர்கள் முன்பணத்தோடு வந்து, "டீ குடுத்த அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார்கள். மேனேஜர் ஹெர்மாவான் கெட்டிக்காரர். அன்று சாயந்தரமே முர்வானிக்கு ஒரு பெயர்ப் பட்டை அடித்துக் கொடுத்து, தேநீருக்கு வேறு ஆள் போட்டார்.

அப்புறம் ஏறுமுகம்தான். சேல்ஸ் பையன்கள் பெரிய கடை வளாகத்தில் மேசை போட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். முர்வானி சந்தைக்கும், பள்ளிக்கூட வாசலுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போனாள். மீட்பால் சூப் கடைக்காரர் வாங்கினார். நர்ஸ் வாங்கினாள். மசூதியில் தொழுகைக்கு அழைக்கிறவரும் அவர் மச்சானும் பாதிப் பாதி சேர்ந்து வாங்கி, வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். வண்டி வீட்டுக்குப் போகிற அன்று வெல்லக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் வைத்து, பூப்போட்ட தண்ணீர் தெளித்து, அக்கம்பக்கத்தாரை அழைத்து துவா ஓதுவார்கள். முர்வானியும் போய் உட்கார வேண்டும், அப்போதுதான் அவர்களுக்குத் திருப்தி. குடும்பத்தையும் வண்டியையும் சேர்த்து நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்வாள்.

கேலிக்கும் குறைவில்லை. அந்த விலையில் விற்கும் எந்த வண்டியையும், தகடு மெல்லிசு என்று, ஊரில் அப்பள டின் என்பார்கள். "என்ன முர்வானி, இன்னைக்கு எத்தன டின்னு?" என்று தெருமுனையில் கேட்பார்கள். "டின்னுக்குள்ள இருக்குற அப்பளம் நமுத்துப் போவாது, வெளிய நனையிற நீங்கதான் நமுத்துப் போவீங்க," என்பாள்.

நோன்புப் பெருநாளுக்கு முந்தைய ஒரே வாரத்தில் பதினோரு வண்டி கொடுத்தாள் ஒரு வருஷம். எல்லோருக்கும் சொந்த ஊருக்குக் காரில் போய் இறங்க வேண்டும். அந்தப் பெருநாளன்று அவள் போனுக்குப் படம் படமாக வந்தது. வோனோகிரி, பச்சித்தான், புலோரா என்று எங்கெங்கோ வீட்டு வாசல்களில் அவள் விற்ற வண்டிகள். தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கு அழுகை வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

இத்தனைக்கும் அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டெஸ்ட் டிரைவ் என்றால் பட்டறையிலிருந்து மெக்கானிக் வஹோனோ வந்து ஓட்டுவார். அவளைவிட ஆறு வயது மூத்தவர், மனைவியைக் காய்ச்சலில் பறிகொடுத்தவர், மகளைச் செமாராங்கில் கட்டிக்கொடுத்துவிட்டார். பேச்சு என்பதே அபூர்வம். முர்வானி பின்னால் உட்கார்ந்து வண்டியின் பெருமையை விடாமல் சொல்லிக்கொண்டே வருவாள், அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

"விக்கிறவங்களுக்கு ஓட்டத் தெரிய வேணாமா?" என்று ஒருநாள் கேட்டார். அந்த மாதம் அவர் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

கரும்பு அரவை இல்லாத மாதங்களில் சர்க்கரை ஆலை மைதானம் காலியாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அழைத்துப் போனார். வாயால் சொல்லிக்கொடுக்க மாட்டார். டேஷ்போர்டை ஒரு தட்டுத் தட்டினால் பிரேக், இரண்டு தட்டினால் கிளட்ச்.

"வாயத் தொறந்து சொல்லுங்க மாஸ். வண்டி என்ன குதுரையா, தட்டிக் குடுக்க?"

அண்ணன் முறைக்கும் மாஸ்தான், கட்டிய புருஷனுக்கும் மாஸ்தான் அந்த ஊரில். அதனால் அந்தச் சொல் எந்த ஞாயிற்றுக்கிழமையில் வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. அவளே கவனிக்கவில்லை.

நான்காம் வருஷத்திலிருந்து வியாபாரம் தளர்ந்தது. மற்ற கம்பெனிகளும் சின்ன வண்டிகளை இறக்கிவிட்டன, மக்களுக்கும் கையில் கொஞ்சம் காசு சேர்ந்து பெரிய வண்டி மேல் ஆசை வந்திருந்தது. சேல்ஸ் பையன்கள் ஒவ்வொருவராக வேறு ஷோரூமுக்குப் போனார்கள். ஆறு வண்டி நின்ற கூடத்தில் இரண்டு நின்றது. 2020 ஜனவரியில், இந்தோனேசியாவில் டாட்சன் தயாரிப்பு நின்றுவிட்டது என்ற செய்தி வந்தது. கிளாத்தென் ஷோரூமை மாதக் கடைசியில் மூடுவதாக ஹெர்மாவான் சொன்னார். அவருக்கு சோலோவில் வேறொரு கம்பெனியில் இடம் கிடைத்திருந்தது.

"நீயும் வந்துரு முர்வானி. உன் முகத்துக்கு நாளைக்கே நாலு வண்டி போகும்."

"என் முகத்துக்குத்தான சார் இதயும் வாங்குனாங்க," என்றாள் முர்வானி.

அவளுக்குப் போன் மேல் போன். வண்டி என்ன ஆகும், யார் பார்ப்பார்கள், இனி யாராவது வாங்குவார்களா. சர்வீஸும் பாகங்களும் தாய்க் கம்பெனியின் பட்டறையில் தொடர்ந்து கிடைக்கும் என்று அறிவித்திருந்தார்கள், கிடைக்கவும் செய்தது. ஆனால் போனில் அதைச் சொல்லச் சொல்ல, தான் எதையோ தட்டிக்கழிப்பது போல் அவளுக்கு இருந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வஹோனோவிடம் சொன்னாள்.

"நேர்ல போய்ச் சொல்லப் போறேன் மாஸ். எல்லார் வீட்டுக்கும்."

"எத்தன வீடு?"

"நூத்தி எம்பத்தி மூணு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கருவிப் பெட்டியை எடுத்து வண்டியில் வைத்தார்.

ஓட்டப் பழகிய பிறகு முர்வானி தவணையில் வாங்கியிருந்த பழைய டாட்சனில், அவள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார, பிப்ரவரி முழுக்க அலைந்தார்கள். அவள் உள்ளே போய்ச் செய்தியைச் சொல்வாள். அதற்குள் அவர் அந்த வீட்டு வண்டியின் முன்மூடியைத் தூக்கி எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார். மர்த்தோயோ முழுதும் கேட்டுவிட்டு, "அதுக்கா இவ்ளோ தூரம் வந்தே? எங்க ஆத்தா போன பிறகும் நான் இருக்கேன்ல?" என்றார். வாகியெம் பொரித்த தாஹுவைப் பச்சை மிளகாயோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. ஹர்யாந்தி டீச்சர் கேட்டைத் திறக்கவே இல்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.

"வேற வண்டி வாங்குன்னு என் தங்கச்சி தலபாடா அடிச்சுக்கிட்டா. நீ சிரிச்ச, நான் வாங்குனேன். இப்போ விக்கப் போனா பாதி வெலைக்குக் கேக்குறான்."

"ஆமாம்மா. நான்தான் வாங்கச் சொன்னேன்."

"ஆமான்னா? ஆமான்னு சொல்லிட்டா ஆச்சா?"

முர்வானி தலை குனிந்து நின்றாள். மழைத் தூறல் விழ ஆரம்பித்தது. அவள் நகரவில்லை, டீச்சரும் உள்ளே போகவில்லை. பின்னாலிருந்து வஹோனோவின் குரல் வந்தது.

"டீச்சர், ஓட்டும்போது வண்டி இடது பக்கமா இழுக்குதுங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்கருந்தே தெரியுது. முன் டயரு ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. அர மணி நேரம் குடுங்க."

டீச்சர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார். அரை மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லை, இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை டீச்சரும் முர்வானியும் உள்ளே எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் தேநீர் வைத்தார். கிளம்பும்போது மட்டும், "கோவம் போகல," என்றார். "பரவால்லம்மா," என்றாள் முர்வானி.

கடைசி வீடு மெராபி மலைச் சரிவில், மணல் லாரிகள் இறங்கும் ஊரில் இருந்தது. அங்கிருந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது, நல்ல மழை. முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. வண்டியும் நின்றது. வஹோனோ கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எங்க?"

"எங்கயும் இல்ல மாஸ். இதான் கடைசி."

வைப்பர் போய்ப் போய் வந்தது.

"அப்போ நாளைக்கு நான் என்ன பண்றது?"

"வேல தேடுங்க."

"வேலயக் கேக்கல."

முன்னால் லாரி நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். முர்வானி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வஹோனோ மெதுவாக டேஷ்போர்டை இரண்டு தட்டு தட்டினார். கிளட்சை மிதித்து கியர் போட்டவள், மலை அடிவாரம் வரை அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓட்டினாள். வாயைப் பொத்திக்கொள்ளக் கை காலியாக இல்லை.

கல்யாணம் ஜூன் மாதம் என்று முடிவானது. அதற்குள் கொரோனா வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கிராம அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். காஜி, இரண்டு சாட்சி, செமாராங் மகளும் மருமகனும், முர்வானியின் சித்தப்பா குடும்பம், அவ்வளவுதான் ஆள். எல்லோர் முகத்திலும் முகக்கவசம். நிக்காஹ் முடிந்தது. சமைத்த சோறு அப்படியே இருந்தது.

அப்போது சந்து முனையில் ஹாரன் சத்தம் கேட்டது. முர்வானி வாசலுக்கு வந்தாள். மர்த்தோயோவின் சிவப்பு வண்டி மெல்ல ஊர்ந்து வந்தது. வாகியெம் ஜன்னலை இறக்கி, "எறங்க மாட்டோம், எறங்க மாட்டோம்! சட்டம்!" என்று கத்திக்கொண்டே ஒரு கூடையை நீட்டினாள். பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா கையாட்டினார். அதற்குப் பின்னால் நர்ஸின் வெள்ளை வண்டி. அதற்குப் பின்னால் சூப் கடைக்காரர். பள்ளிவாசல்காரரும் மச்சானும், இது யார் வாரம் என்ற சண்டையோடு ஒரே வண்டியில். சந்து நிறைந்து பெரிய சாலை வரை வரிசை நின்றது. போக்குவரத்து போலீஸ்காரர் ஒருவர் என்ன கலாட்டா என்று ஓடிவந்தார். வண்டிகளைப் பார்த்தார், கல்யாண உடுப்பில் நிற்கிற இருவரையும் பார்த்தார். பிறகு விசிலை வாயில் வைத்து, ஒவ்வொரு வண்டியாக விட ஆரம்பித்தார். ஐம்பத்தாறு வண்டி என்று அவர்தான் எண்ணிச் சொன்னார். ஒவ்வொரு ஜன்னலிலும் சித்தப்பா மகள்கள் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். வஹோனோ ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். "இது சரியில்ல, திங்கக்கிழம இங்கயே கொண்டு வாங்க," என்று நாலைந்து பேரிடம் சொல்லியும் விட்டார்.

ஹர்யாந்தி டீச்சர் வரவில்லை. மறுவாரம் வண்டியைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார், வாழ்த்து என்று வாயால் ஒன்றும் சொல்லவில்லை. பின் இருக்கையில் வெள்ளித் தாளில் சுற்றிய ஒரு சுவர்க்கடிகாரத்தை வைத்துவிட்டுப் போனார்.

வீட்டு முன்னாலேயே கூரை இறக்கி வஹோனோ பட்டறை போட்டார். முர்வானி முன்னால் இருந்து ஆட்களைக் கவனித்தாள், பாகங்களுக்கு சோலோவுக்கும் ஜோக்ஜாவுக்கும் அலைந்தாள். 2022 ஏப்ரலில், உலகம் முழுவதிலும் டாட்சன் என்ற பெயரையே நிறுத்துகிறார்கள் என்று போனில் செய்தி வந்தது. நோன்பு மாதம், மத்தியான நேரம். வஹோனோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள்.

"வருத்தமா இருக்கா?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"இருக்கு மாஸ். என்னை உள்ள கூப்புட்டு ஒக்கார வெச்ச பேரு."

கரிபடிந்த கை ஒன்று வெளியே நீண்டு, அவள் கால் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பெருநாளுக்கு ஊர் போக வேண்டியவர்கள் வெளியே வரிசையில் நின்றார்கள். இரண்டு வருஷக் கொரோனாத் தடைக்குப் பிறகு அந்த வருஷம்தான் போகலாம் என்று விட்டிருந்தார்கள். சாயந்தரத்துக்குள் இன்னும் ஏழு வண்டி பார்த்தாக வேண்டும். முர்வானி எழுந்து, முதல் ஆளின் சாவியை வாங்கிக்கொண்டாள்.