பொருந்தாத ஈரம்

எண்பதுகளில் நான் திருப்பதியில் ஆராய்ச்சி மாணவி. ஒரு புல்வெளி எவ்வளவு சூட்டையும் ஈரத்தையும் காற்றுக்குக் கொடுக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிடுவது என் வேலை. கணக்கு சரிதானா என்று பார்க்க, செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும் நாட்களில் கார்வேட்டிநகரம் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்குப் பஸ் ஏறுவேன். வெப்பமானிகள் வைத்த மரப்பெட்டியின் அருகே கொஞ்சம் மண்ணைத் தோண்டி எடுப்பேன். திரும்பி வந்து எடை போட்டு, காயவைத்து, மறுபடி எடை போட்டால், குறைந்ததுதான் ஈரம்.

அங்கே ஆடு மேய்க்கும் அக்கா ஒருத்தி முதல் நாளே வந்து நின்றாள். "இன்னா கண்ணு பண்றே?"

"பரீட்சைக்குப் புல்லு பாக்கறேன்க்கா. சொன்னா புரியாது" என்றேன். அப்போது எனக்கு அவ்வளவு மண்டைக்கனம்.

அந்தக் கோடையில் படமும் மண்ணும் ஒத்துப்போகவில்லை. படத்தின்படி நிலம் காய்ந்து கொதித்தது. என் மண்ணிலோ மழை பெய்த மாதிரி ஈரம், மழையே இல்லாமல். என் கையால் எடுத்த மண் பொய் சொல்லுமா என்று, படத்தின் கணக்கைத்தான் மாற்றி மாற்றித் திருத்தினேன். எட்டு மாதம் அதிலேயே போயிற்று. ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். ஆனால் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேர்வாளர் கேட்டால் பதில் கிடையாது. பட்டம் கைநழுவிவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

பெட்டியை எடுத்துவரப் போன கடைசி நாளில் அக்கா ஓடி வந்தாள்.

"பாஸாயிட்டியா கண்ணு? வெயில்ல உன் புல்லு காஞ்சிக்கினே கீது, பரீட்சை போயிடுமேன்னு டெய்லி பொழுது சாய பெட்டியச் சுத்தி நாலு கொடம் ஊத்தினேன்."

பெட்டியைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. எங்கிருந்து தண்ணீர் என்று கேட்டேன். கை காட்டினாள். கிணறு கால் மைல் தூரத்தில் இருந்தது. அதற்குப் பிறகு எப்படித் திட்டுவது?

அங்கேயே உட்கார்ந்து, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் சொன்னேன். மேலேயிருந்து சூட்டைப் பார்ப்பது, கீழே ஈரத்தை அளப்பது, இரண்டும் பொருந்துகிறதா என்று சோதிப்பது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"மண்ணுல ஈரம் ஏன் கீதுன்னுதானே இத்தினி நாளா கொழம்பிக்கினு இருந்தே? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."