அன்று சுண்டல் என் முறை

பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு தொடங்கியபோது, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு முடிவெடுத்தோம். பிள்ளைகள் பசியோடு படிக்க வேண்டாம், தினமும் ஒரு வீட்டிலிருந்து சுண்டல் வரட்டும் என்று.

என் முறை வந்த அன்று மதியமே தறி வேலையை நிறுத்திவிட்டேன். கொண்டைக்கடலை வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டு, சூடு ஆறுவதற்குள் எடுத்துப்போனேன்.

"எனக்கு வயிறு சரியில்ல ஆன்ட்டி" என்றாள் முதல் பெண். அடுத்தவள் விரதம் என்றாள். மூன்றாவதாக இருந்த பையன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் காலனியிலிருந்து வருகிறவள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து என் மகள் எழுந்து வந்தாள். தட்டு நிறைய வாங்கி, அத்தனை பேர் நடுவிலும் நின்று தின்றாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"போதும், வாம்மா" என்றேன்.

"பசிக்குதும்மா, இன்னும் போடு" என்றாள்.

மறுநாள் கழகத் தலைவர் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இனிமே கடையில பிஸ்கட் வாங்கிக்கலாம்னு பேசிகினு இருக்கோம். யாருக்கும் பேஜார் இல்ல பாருங்க."

பிஸ்கட் வந்தது. என் மகள் மட்டும் தொடவில்லை.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு வீட்டில் சொல்லி அனுப்பியவர்கள், கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியவர்கள்தான். இப்போதும் கூட்டத்துக்குப் போகிறேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்னால்தான் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை.