ஐலீன் பிடித்த ஆறு படங்கள்

1937ஆம் ஆண்டு மார்ச் மாதம் இருபதாம் நாள், சனிக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு ஐலீனை முதன்முதலாகச் சந்தித்தேன். லாயாங் லாயாங் இரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த ரப்பர்த் தோட்டத்தில், நான் ஆசிரியனாக இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் முன், கறுப்புப் பெட்டிக் கேமரா ஒன்றை இடுப்போடு அணைத்து, தலையைக் குனிந்து அதனுள் நோக்கியவாறே பின்பக்கமாக நடந்து வந்தாள். பள்ளி முழுவதும் படத்தில் அடங்க வேண்டுமென்பது அவள் கருத்து. பின்னால் வடிகால் இருப்பதைச் சொல்லி எச்சரித்தேன்.

"தெரியும் சார். அதனாலதான் மெதுவா வர்றேன்" என்றாள். அடுத்த அடியிலேயே ஒரு கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. கேமரா மட்டும் சற்றும் அசையவில்லை.

அவள் தோட்டத்து அலுவலகத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி கிரகோரியின் ஒரே மகள், பதினேழு வயது. ஜொகூர் பாருவில் கன்னியர் நடத்திய ஆங்கிலப் பள்ளியில், விடுதியில் தங்கி, சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் விடுமுறைக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். சிங்கப்பூரில் மருந்துக் கடையொன்றில் பணியாற்றிய அவளுடைய சித்தப்பா ரோலண்ட் அந்தக் கேமராவையும், படம் கழுவும் மருந்துத் தூள்களையும் வாங்கிக் கொடுத்திருந்தார். கழுவவும் அச்சிடவும் அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. மருந்து உறைகளின்மேல் அச்சிட்டிருந்த குறிப்புகளைப் படித்து, பல படங்களைப் பாழாக்கி, தானாகவே கற்றுக்கொண்டாள்.

அப்போது பள்ளித் தாழ்வாரத்தில் வெள்ளையம்மா என்னும், ரப்பர் மரம் சீவும் பால்மரப் பெண்ணுக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன், நான்கு வயது மகள் சந்திரமதியை நாமக்கல் பக்கத்துச் சிற்றூரில் கொழுந்தன் சின்னத்தம்பியிடம் விட்டுவிட்டு, கணவனோடு கப்பலேறியவள் வெள்ளையம்மா. வந்த ஆண்டே கணவன் காய்ச்சலில் இறந்தான். இப்போது மகளைத் தன்னிடம் அனுப்பும்படி கேட்டிருந்தாள். சின்னத்தம்பி மறுத்துவிட்டான். காரணம், அவளே அனுப்பிய ஒரு புகைப்படம்.

தோட்டத்து மக்கள் ஊருக்குப் படம் அனுப்ப விரும்பினால் குளுவாங் பட்டணத்துப் படக்கடைக்குச் செல்வர். அங்கே கோட்டும் கைக்கடிகாரமும் பட்டுச் சேலையும் கடைக்காரனே இரவல் தருவான். பின்னால் மாளிகை தீட்டிய திரை தொங்கும். பிழைக்கப் போனவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று ஊர் நம்ப வேண்டும் என்பதே அவ்வழக்கத்தின் நோக்கம். சின்னத்தம்பி வேறு விதமாக நம்பிவிட்டான். அந்த மாளிகை யாருடையது, அந்தப் பட்டு யார் கொடுத்தது என்று கேட்டிருந்தான். யாரோ ஒருவனுடைய வீட்டுக்கு அண்ணன் மகளை அனுப்ப மாட்டேன் என்று முடித்திருந்தான்.

கால் சேற்றைக் கழுவிக்கொண்டே ஐலீன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்துல என்னக்கா உடுத்தியிருந்தீங்க?"

"கடைக்காரன் குடுத்த பட்டு. கையில குடை. கால்ல சப்பாத்து."

"சப்பாத்து வேறயா?"

"ரெண்டும் இடது கால் சப்பாத்து பாப்பா. உக்காந்திருந்ததால வெளிய தெரியல" என்று சொல்லி வெள்ளையம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னும் ஒரு வருசம் போனா எம்பிள்ளைக்கு எம்மூஞ்சியே மறந்துடும்."

ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கங்காணி செல்லப்பன் ஊருக்குப் புறப்படுவதாக இருந்தார். ஆள் துணையாகக் குழந்தையை அழைத்துவரக் கூடியவர் அவர் ஒருவரே. விளக்கமாக ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். வெள்ளையம்மா தலையசைத்து மறுத்தாள். கடிதத்தில் காசு வாங்கிக்கொண்டு எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள் என்பது ஊருக்கே தெரியும் என்றாள். அதில் பிழையில்லை.

ஐலீன் ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பின்பு விடுதிக் கோவிலைப் பற்றிச் சொன்னாள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மக்கள் சுவரோரமாக நகர்ந்து யேசு சிலுவை சுமந்து சென்ற கதையைச் சொல்லும் சிலுவைப் பாதையின் பதினான்கு படங்களையும் ஒவ்வொன்றாகத் தரிசிப்பதை அவள் கவனித்திருந்தாள்.

"அதுல ஒரு எழுத்துகூட இல்ல சார். படிக்கத் தெரியாதவங்களும் கதையை விட்டுடுறதில்ல. ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு வச்சா அது தானாப் பேசுது. அக்காவோட ஒரு நாளை அப்படிப் பிடிக்கிறேன். ஆறு படம் போதும்."

அவளிடம் இரண்டு படச்சுருள்கள் இருந்தன. சிங்கப்பூரிலிருந்து மேலும் தருவிக்க நாளில்லை.

திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினாள். ரப்பர் மரங்கள் இலையுதிர்த்திருந்த பருவமாதலால் தோப்புக்குள் வெளிச்சம் தாராளமாக விழுந்தது. கவிழ்த்த பால் வாளியின்மேல் கேமராவை வைத்து, மூச்சை அடக்கி விசையைத் தட்டினாள். மரம் சீவுதல், தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் வாளிகளைச் சுமத்தல், ஸ்டோரில் பால் ஊற்றுதல், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டின் வாசல், அடுப்பு, இறுதியாகப் பள்ளிக்கூடம். இரண்டு நாள்களில் முதற்சுருள் முடிந்தது. வெளிச்சத்தையும் தூரத்தையும் பற்றிய கவலையில் அவள் மற்றொன்றைக் கவனித்தும் கவனியாதிருந்தாள்.

வீட்டுச் சாமான் அறையின் சன்னலைச் சாக்கால் அடைத்து, விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி, படங்களைக் கழுவினாள். ரப்பர்ப் பாலை உறையவைக்கும் அசிட்டிலேயே சில துளிகளை நீரில் கலந்து பயன்படுத்திக்கொண்டாள். படங்கள் தெளிவாக விழுந்திருந்தன. அவற்றை எடுத்துச் சென்று வெள்ளையம்மாவின் வாசற்படியில் வரிசையாகப் பரப்பினாள். அடுத்த வீட்டுப் புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு பாப்பா? கிளாங் பக்கத்துப் பொண்ணா?"

"வெள்ளையம்மாக்கா."

"சரி. இது?"

"அவங்கதான்."

புஷ்பவள்ளி ஆறு படங்களையும் மறுபடி ஒருமுறை பார்த்தாள். "ஆறு பேரும் லட்சணமாத்தான் இருக்காங்க. நம்ம வெள்ளையம்மா எங்க?"

நடந்தது இதுதான். படம் என்றால் நல்ல உடுப்பு என்பது லயத்தின் சட்டம். செய்தி பரவியதும், அண்டை வீட்டுப் பெண்கள் பெட்டிகளைத் திறந்து ஆளுக்கொரு சேலையும் நகையுமாகக் கொடுத்து உதவியிருந்தனர். ஒருவர் மனமும் நோகக் கூடாது என்று வெள்ளையம்மா படத்துக்கு ஒன்றாக ஆறையும் உடுத்திக்கொண்டாள். பச்சைப் பட்டில் மரம் சீவினாள். ஜிமிக்கியோடு வாளி சுமந்தாள். ஒரு படத்தில் கொண்டை, மற்றொன்றில் பின்னல். குளுவாங் கடைக்காரன் ஒரு பொய்யைத்தான் அனுப்பியிருந்தான். இப்போது ஆறு பொய்கள் கிடந்தன.

ஐலீன் படங்களைத் திரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பெரிய வெள்ளியன்று தோட்டத்துச் சிறு கோவிலில் சிலுவைப் பாதை முடிந்து வெளியே வந்தவள், நேராக வெள்ளையம்மாவின் வீட்டுக்கு நடந்தாள். வழியில் என்னைக் கண்டு உடன் வரச் சொன்னாள்.

"உடுப்பை உரியிற படம் வரைக்கும் யேசுவுக்கு ஒரே அங்கிதான் சார். அதனாலதான் அத்தனை கூட்டத்துலயும் அவர் எங்கன்னு கண்ணு தேடிப் பிடிச்சுடுது. இவ்வளவு நாளாப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

வெள்ளையம்மாவிடம் அவள் கேட்டது ஒன்றே: தினமும் வேலைக்குப் போகும் உடுப்போடு நிற்க வேண்டும்.

வெள்ளையம்மாவின் முகம் இறுகியது. வேலை உடுப்பு என்பது பழஞ்சேலைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துணி. சட்டை முழுவதும் பாற்கறை கறுத்துத் தடித்திருந்தது.

"அதைப் போட்டுக்கிட்டா? ஊர்ல கண்டவனெல்லாம் பார்ப்பான் பாப்பா. நாத்தம் புடிச்ச சட்டை."

"படத்துல நாத்தம் வராதுக்கா."

"சிரிக்காதே. அது என் வீட்டுக்காரர் சட்டை. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, இப்போ அவர் சட்டை எது, ஒட்டு எதுன்னே தெரியல. அதை உடுத்தி எம்மக முன்னால நிக்கச் சொல்றியா?"

"பட்டு உடுத்தி நின்னீங்க. அவங்க நம்பல" என்றாள் ஐலீன். குரல் தணிந்தது. "இனிமே எங்கிட்ட ஒரு சுருள்தான் இருக்கு. நீங்க வேணாம்னா நான் பிடிக்கல. உங்க மக, உங்க முடிவு."

வெள்ளையம்மா உள்ளே சென்றாள். நெடுநேரம் கழித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் சீவுற மர நிரைக்கு வா. எனக்கு வேலை இருக்கும். நீ பாட்டுக்குப் பிடிச்சுக்க. இப்பிடித் திரும்பு, அப்பிடித் திரும்புன்னு சொல்லக் கூடாது."

மறுநாள் ஐலீன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெளிச்சம் போதுமான அளவு ஏறும்வரை மரத்தடியில் காத்திருந்தாள். வெள்ளையம்மா ஒருமுறையும் கேமராவின் பக்கம் திரும்பவில்லை. இறுதிப் படத்துக்காக நானும் கிரகோரியும் பள்ளிப் பெஞ்சு ஒன்றை வெயிலுக்குத் தூக்கி வந்தோம். இருவர் அமரும் பெஞ்சு அது. அதன் ஒரு முனையில் வெள்ளையம்மாவை உட்காரச் செய்து, மறுமுனையை வெறுமையாக விட்டு, ஐலீன் விசையைத் தட்டினாள். அங்கே ஒரு சிலேட்டுப் பலகையை வைக்கலாமே என்றேன். "வேணாம் சார். அந்த இடத்தைப் பார்க்கிறவங்களே நிரப்பிக்கட்டும்" என்றாள்.

ஈஸ்டர் திருப்பலி முடிந்த பின், படங்களைக் கழுவி அச்சிட்டு, வரிசை மாறாதபடி ஆறையும் ஒரு நீண்ட வெள்ளைத் துணியில் ஒட்டி மடித்தாள். திங்கட்கிழமை மாலை அதைச் செல்லப்பனிடம் ஒப்படைத்தாள்.

"மாமா, இதைத் தரையில விரிச்சுப் போடுங்க. நீங்க ஒண்ணும் பேசக் கூடாது."

"நான் பேசாம இருக்கணுமா? அதுக்குத் தனியா ஒரு ஆளை இல்ல கூட அனுப்பணும்" என்றார் செல்லப்பன். ஆயினும் வாக்குக் கொடுத்தார்.

ஆகஸ்டு மாதத்தில், நோய்த் தடுப்பு முகாமில் சில நாள்கள் இருந்துவிட்டு, சிங்கப்பூரிலிருந்து அவர் இரயிலில் வருகிறார் என்று செய்தி வந்தது. தனியாக வருகிறாரா, துணையோடு வருகிறாரா என்பது செய்தியில் இல்லை. ஐலீன் அடுத்த விடுமுறையில் வந்திருந்தாள். நிலையத்துக்கு அவளும் நானும் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். லயத்துப் பெண்கள் பாதிப்பேர் பண்டிகை உடுப்பில் நின்றிருந்தனர். வெள்ளையம்மா மட்டும் கறைபிடித்த சட்டையும் தலைத் துணியுமாக வந்து நின்றாள்.

"என்னடி இது கோலம்?" என்றாள் புஷ்பவள்ளி.

"படத்துல இருக்கிற மாதிரியே நிக்கிறேன். ஒருவேளை வந்திருந்தா, பிள்ளை தேடக் கூடாதில்ல."

இரயில் நின்றது. மூன்றாம் வகுப்புப் பெட்டியிலிருந்து செல்லப்பன் இறங்கினார். அவர் கையைப் பிடித்து, பெரிய பாவாடையொன்றில் தடுக்கியபடி ஒரு சிறுமி இறங்கினாள். செல்லப்பன் எவரையும் சுட்டிக்காட்டவில்லை. சிறுமி பட்டுச் சேலைகளை ஒவ்வொன்றாகக் கடந்து நோக்கினாள். பிறகு அவர் கையை விட்டுவிட்டு, நேரே சட்டையை நோக்கி ஓடினாள்.

அந்தக் கணத்தை ஐலீன் படம் பிடித்தாள். தாயின் முகம் அதில் தெரியவில்லை. மகளின் தலையில் புதைந்திருக்கிறது. சட்டையின் ஒட்டுகள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. ஐலீனின் படங்களுள் அதுவே சிறந்தது என்பது என் கருத்து.

தோட்டத்துக்குத் திரும்பும் மாட்டு வண்டியில் செல்லப்பன் நான்கு மாத மௌனத்துக்கும் சேர்த்துப் பேசினார். "துணியை விரிச்சேன். பேசல. சின்னத்தம்பி பார்த்தான், பார்த்தான், முதல் படத்தையே பார்த்துக்கிட்டு இருக்கான். அப்புறம் பொண்டாட்டியைக் கூப்பிட்டு, 'அண்ணன் சட்டைடி இது, நம்ம ஊர்த் தையல்காரன் பை வச்ச சட்டை'ன்னான். அவ்வளவுதான். ஆறாவது படத்துக்கு வர்றதுக்குள்ள பிள்ளைக்குத் துணிமணி எடுத்து வைக்கச் சொல்லிட்டான். இந்தக் குட்டி என்னடான்னா, பெஞ்சுல காலியா இருக்கிற இடத்துல கட்டை விரலை வச்சுக்கிட்டு எடுக்கவே மாட்டேங்குது."

அவர் பொய் சொல்லவில்லை. துணி திரும்பி வந்தபோது ஆறாம் படத்தில், பெஞ்சின் வெறுமையான முனையில், ஒரு சிறு விரலின் கறை பதிந்திருந்தது. ஐலீன் அதைத் துடைக்கவில்லை. ஆண்டிறுதியில் அவளுடைய பள்ளியில் நடந்த கண்காட்சியில் ஆறு படங்களும் அந்தத் துணியோடேயே தொங்கின. கீழே ஒரு வரி விளக்கமும் எழுத அவள் இசையவில்லை. பார்த்தவர்கள் முதலிலிருந்து கடைசிவரை நகர்ந்து, கடைசியில் நின்றார்கள். முதற்பரிசு அவளுக்கே கிடைத்தது. சீனியர் கேம்பிரிட்ஜிலும் தேறினாள். உலு திராமிலிருந்தும் கெலாங் பாத்தாவிலிருந்தும் தோட்டத்து ஆள்கள் படம் பிடித்துக்கொள்ள அவளைத் தேடி வந்தனர். வரும்போது வேலை உடுப்போடு வந்தனர். குளுவாங் கடைக்காரனின் பட்டுச் சேலை அதன்பின் எங்கள் தோட்டத்தாருக்குத் தேவைப்படவில்லை.

சந்திரமதி வந்த வாரத்தில் வெள்ளையம்மா தன் ஆட்டுக்குட்டிகளுள் கறுப்புப் பெட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிராணி வீட்டு வாசலில் வந்து நின்றாள். "இது உனக்குத் தரவேண்டிய கடன் பாப்பா. கையெடுத்துக் கும்பிட்டு மட்டும் தீர்க்க எனக்கு மனசு வரல." விடுதியில் ஆடு வளர்க்க மதர் விடமாட்டார் என்றாள் ஐலீன். அப்படியானால் கேட்கும்போது தருகிறேன், அதுவரை என் கொட்டிலில் நிற்கட்டும் என்று சொல்லி வெள்ளையம்மா திரும்பிப் போனாள்.

இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் குட்டி வளர்ந்து, ஈன்று, அதன் குட்டிகளும் இப்போது ஈனத் தொடங்கிவிட்டன. கறுப்பு வழியில் பிறந்த எதையும் வெள்ளையம்மா விற்பதில்லை, அறுப்பதுமில்லை. மாலைதோறும் அவற்றை மேய்த்துத் திரும்பும் சந்திரமதியிடம் யாருடைய ஆடுகள் என்று கேட்டால், "ஐலீனக்காவோடது" என்கிறாள். ஐலீன் அவ்வப்போது கொட்டிலுக்குப் போய் அவற்றைப் படம் பிடிக்கிறாள். ஒன்றையும் இதுவரை கேட்டதில்லை.