ஊசி போட்ட நாயும் உதறல் எடுத்த நானும்

எங்கள் வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடித்தவள் என் மனைவி. அது செத்துவிட்டது என்று கண்டுபிடித்தவன் நான். பதற்றத்தில் அதன் வாலை மிதித்தேன். 'வள்' என்று ஒரு குரல் கொடுத்து என் கண்டுபிடிப்பைப் பொய்யாக்கியது.

இரண்டு வாரத்துக்கு முன் பொன்முடி போகும் வழியில், விதுரா பக்கம் காரை நிறுத்தியபோது புல்லில் ஆசைதீரப் புரண்டிருந்தது. காதுக்குள் கொத்தாக உண்ணிகள். பிடுங்கிப் போட்டுவிட்டு அதோடு மறந்துபோனோம். இப்போது சோறு இறங்கவில்லை, சிறுநீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போனது.

மலையாளம் கலந்து பேசும் கால்நடை டாக்டரம்மா அதன் உதட்டைத் தூக்கி, வெளுத்துப்போயிருந்த ஈறைப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"உண்ணி கொண்டுவந்த கிருமி ஆணு சார். சிவப்பணுக்குள்ள கேறி இருந்து அத உடைக்குது. மூத்திரம் கறுக்குறது அதனாலதான்."

"பொழைக்குமா டாக்டர்?"

"ஊசி உண்டு. இப்ப ஒண்ணு, ரெண்டு வாரம் கழிஞ்சு இன்னொண்ணு. இது கேக்கலைன்னா ரத்தம் ஏத்தணும். அப்பறம் உறுதி சொல்ல முடியாது."

இமிடோகார்ப் என்று எழுதிய குப்பியிலிருந்து மருந்து சிரிஞ்சுக்கு ஏறியது. "கார் கண்ணாடி ஏத்தியிருக்கான்னு பாத்துட்டு வந்துடுறேன்" என்று நான் வெளியே வந்தேன். கண்ணாடிகள் ஏற்றித்தான் இருந்தன. இறக்கி, மறுபடி ஏற்றினேன். உள்ளே நாயின் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவள் மனைவி. டாக்டர் சொன்ன புத்திமதிகள் எல்லாம் அவள் காதுக்கு மட்டுமே போயின.

வீட்டுக்கு வந்ததும் நாயைச் சாக்கில் படுக்கவைத்துவிட்டு அவள் குளிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து நாய் எழுந்து நிலைகொள்ளாமல் சுற்றியது. வாயிலிருந்து நூல்நூலாக எச்சில் வடிந்தது. பிறகு வாந்தி. என் மூளையில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு விளக்குகளும் அணைந்தன. கொடியில் கையில் அகப்பட்டதை உருவி நாயைச் சுற்றித் தூக்கிக் காரில் போட்டேன்.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று ஆரம்பித்தேன். நாய் மறுபடி வாந்தி எடுத்ததும் பதினொன்றாக்கினேன். பட்டம் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தபோது நூற்றெட்டாகிவிட்டது. அங்கேதான் போன் அடித்தது.

"நாயி எங்க?" மனைவி.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்! வாயில நுரை தள்ளுது!"

"அய்ய! அந்த மருந்துக்குக் கொஞ்ச நேரம் வாய் வடியும், வாந்தி வரும், பயப்படாண்டாம்னு டாக்டர் சொன்னாவல்லா? நீங்கதான் கண்ணாடி ஏத்தப் போயிட்டிய."

நான் திரும்பிப் பின்சீட்டில் கிடந்த நாயைப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"அது கெடக்கட்டு. கொடியில கெடந்த என் சரிகைக்கரை கசவுச் சேலை எங்க?"

விளக்கு பச்சைக்கு மாறியது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட ஆஸ்பத்திரிக்குப் போவதே உத்தமம் என்று பட்டது.

டாக்டரம்மா சேலையை விலக்கி, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "எச்சில் இந்த மருந்தோட குணம் ஆணு. அத கொறைக்க முன்னாடியே வேற ஊசியும் போட்டாச்சு. இதுக்குத் துடிப்பு நார்மல். சார் ஒண்ணு இருங்க, உங்களப் பாத்தாதான் எனக்குப் பயமா வருது."

உட்கார்ந்தேன். தண்ணீர் எனக்குத்தான் கொடுத்தார்கள். அரைமணி நேரத்தில் எச்சில் நின்றது.

ஆனால் அன்று மாலையும் மறுநாளும் கஞ்சியை அது தொடவில்லை. நான் நிமிடத்துக்கொருதரம் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். ஒப்பிட என் ஈறையும் கண்ணாடியில் பார்த்தேன். என்னுடையதுதான் அதிகம் வெளுத்திருந்தது. இது என் கற்பனை இல்லை, மனைவியே சொன்னாள்.

அதற்கு அடுத்த நாள் காலை, மீன்காரர் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்தபடி வந்தார். நாய் தள்ளாடி எழுந்து, கேட் வரை போய், அவரைப் பார்த்துக் குரைத்தது. குரைத்துவிட்டு அங்கேயே சிறுநீர் விட்டது. நான் மண்டியிட்டு உற்றுப் பார்த்தேன். வெளிறிய மஞ்சள்.

"ஏய், ஓடிவா! மஞ்சளா போகுது!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினேன்.

மீன்காரர் ஸ்கூட்டரை இரண்டடி பின்னுக்குத் தள்ளினார். "சாரே, சுகமில்லாத்தது பட்டிக்கா, சாருக்கா?" என்று நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுக்கு சரியாயிட்டு. நீங்க போகாம இன்னும் கொஞ்சம் நில்லுங்க, அது குரைக்கட்டும்" என்றேன்.