மூடிப்போன ஏஜென்சியைத் தேடி வந்தவர்

இன்று காலை லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் பதுளையில் எங்கள் துணிக்கடைக்கு வந்தார். கேட்டது துணியை அல்ல, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியை.

எங்களுக்கு முன் அது இந்த இடத்தில்தான் இருந்தது. போன வருடமே மூடிவிட்டார்கள். இணையத்தில் தேடினால் இன்னும் எங்கள் முகவரிதான் வருகிறது.

"அவங்கதான் மகளைக் குவைத்துக்கு அனுப்பினாங்க. மூணு மாசமா போன் இல்லீங்க. கொழும்புல இருக்கிற மகன் நெட்ல பார்த்து இந்த எடத்தைச் சொன்னான்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் நகரவில்லை.

"இனி யாரும் இப்படி அலையக்கூடாதுங்க. மூடிட்டாங்கன்னு நெட்ல திருத்தச் சொல்றேன்" என்றேன்.

பதறிவிட்டார். "வேணாங்க மொதலாளி. மூடிட்டாங்கன்னு போட்டுட்டா, நான் யாருகிட்ட போய் மகளைக் கேக்கிறது?"

எங்கே முறையிடலாம் என்று சொல்லி, அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டேன்.

மாலையில் திருத்தத்தை அனுப்பினேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் அனுப்பினேன். "உங்கள் தகவலுக்கு நன்றி" என்று உடனே பதில் வந்தது.

எனக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. அந்த ஏஜென்சியை நடத்தியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? தேடிப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா?