அலசப் போன பத்து நிமிஷம்

சுந்தரவல்லிக்குக் கண்ணாடியில் வாய்க்கால் வெட்டுகிற வேலை. தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால். கோட்டூர்புரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருஷமாக அதையேதான் செய்கிறாள். கண்ணாடி வில்லையைக் காரக் கரைசலில் முக்கி, ஊசிமுனையில் பொறி பறக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போக வேண்டும். முடித்த கையோடு அலசியாக வேண்டும். காரம் தங்கிவிட்டால் வாய்க்கால் ஓரம் கரைந்து வில்லை குப்பைக்குத்தான் போகும்.

“இத்துனூண்டு வாய்க்கா வெட்டி இன்னா நாத்து நடப் போற?” என்று கேலி செய்வான் கணவன் ஆனந்தகுமார். தி.நகர் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் புடவை விரித்துக் காட்டுகிறவன். ஒரு சொட்டு ரத்தம் அதில் ஓடினால் என்ன நோய் என்று தெரியும் என்பாள் இவள்.

போன ஆவணியில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தேறிவிட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான்காம் நாள் வேலைக்கு வந்தாள். ஆராய்ச்சி மாணவி மஹதியின் பன்னிரண்டாவது வில்லை காத்திருந்தது. அதற்கு முன் பதினொன்று விரிசல் விட்டிருந்தன. வெட்டி முடிக்கவும் மகள் சரண்யாவின் போன் வரவும் சரியாக இருந்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, உன்னையே கேட்கிறார், உடனே வா என்றாள்.

மஹதி அன்று ஊரில் இல்லை. அலசத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. பத்து நிமிஷம்தானே என்று நினைத்துவிட்டாள், பாவி. இரண்டு தரம் அலசி, துடைத்து, டப்பாவில் மூடிவைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள். பாலத்தில் போகும்போது மறுபடி போன் அடித்தது. சரண்யாவால் பேச முடியவில்லை, அழுதாள்.

வல்லி வந்துவிட்டாளா என்று இரண்டு தரம் கேட்டானாம். இரண்டாம் தரம், இதோ வாசலில் வந்துவிட்டாள் என்று சரண்யா பொய் சொன்னாளாம். கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று மஹதி அந்த வில்லையில் நீல மை விட்டுக் காட்டினாள். ஒரு கசிவும் இல்லாமல் மறுமுனைவரை ஓடியது.

“அன்னிக்கு நீங்க அலசாம போயிருந்தா எல்லாம் வீணாப் போயிருக்கும்க்கா.” அவள் நன்றியாகத்தான் சொன்னாள்.

சுந்தரவல்லி வில்லையை டப்பாவில் வைத்து மூடினாள்.

“போனா போயிருக்கட்டுமே, மஹதி. பதிமூணாவது வெட்டிக்கினு இருந்திருப்பேன்.”